ஒட்டாதிருத்தல்

ஆகஸ்டில் டான்யூப் ஆறு
மோரிங்கனுக்குச் சற்று மேலே
சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கிக் காணாமல் போகும்.
இரவு ஷிப்டுக்குச் சைக்கிளில் போகிற நாங்கள்
ஆறு இருந்த இடத்தில் வெறும் கல்லைப் பார்த்தபடி கடப்போம்.
பாலத்துக்கு மட்டும் இன்னும் யாரும் சொல்லவில்லை.

டுட்லிங்கனில் எங்கள் பட்டறைக்கு வருவது
டைட்டானியத் தகடு.
மணிக்கட்டு உடைந்தவர்களுக்கானது.
பதினொரு துளை; ஒரு யூரோ நாணயத்தைவிட லேசு.
மில்லிங்கிலிருந்து வரும்போது
அதன் மேல் கட்டரின் கால்தடங்கள் இருக்கும்.
உழுத வயல்போல என்று சொல்லலாம்.
நான் சொல்ல மாட்டேன்,
வயலில் நான் வேலை செய்ததில்லை.

இந்த உலோகத்தோடு பழகுவது கடினம்.
எஃகு தன் சூட்டை உடம்பெங்கும் பகிர்ந்துகொள்ளும்.
இது பகிராது.
உரசிய இடத்திலேயே வைத்துக்கொண்டு வேகும்.
அழுத்தினால் வளைந்து கொடுக்கும்,
கையெடுத்ததும் பழைய இடத்தில் வந்து நிற்கும்
ஒன்றும் நடவாத முகத்தோடு.
அவசரப்பட்டால் சாணைக்கல்லின் பல்லெல்லாம் அப்பிக்கொள்ளும்.
அப்புறம் கல் வெட்டாது, வெறுமனே தேய்க்கும்;
தேய்த்தால் கருகும்;
கருகிய தோலுக்கடியில் மயிரிழை விரிசலொன்று
யார் கைக்குள்ளோ போய்த் திறக்கக் காத்திருக்கும்.

ஆகவே பச்சை நிறச் சிலிக்கன் கார்பைடு,
எஃகுக்கு ஓட்டும் வேகத்தில் பாதி,
நிற்காமல் கொட்டும் கூலண்ட்.

பிறகு பட்டை.
நானூறு, எண்ணூறு, ஆயிரத்து இருநூறு.
ஒவ்வொரு மணலும்
முந்தைய மணல் போட்ட கோட்டைக் குறுக்கே அழித்துத்
தன் கோட்டை விட்டுச்செல்லும்.
ஒரு படியைத் தாண்டிக் குதித்தால்
கடைசி விளக்கின்கீழ் அது காட்டிக்கொடுத்துவிடும்.
குதித்துப் பார்த்திருக்கிறேன்.

பட்டை மெஷினின் அடியில் தூசி சேரக் கூடாது.
ஷ்பெண்ட் ஒருநாள் பெருக்காமல் போனான்.
பத்து விநாடி எரிந்தது, வெள்ளையாய்.
எங்கள் எல்லோரின் நிழலையும் சுவரில் அறைந்துவிட்டு
உலர்மணலில் அடங்கியது.
அவன் புருவம் முளைக்க ஒரு மாதம் ஆயிற்று.
மேலாளர் கத்தவில்லை.
கிறிஸ்துமஸுக்கு அவனுக்கொரு துடைப்பம் தந்தார்,
பரிசுத்தாள் சுற்றி, ரிப்பன் கட்டி.

எதற்கு இத்தனை பளபளப்பு?
தோலுக்கடியில் யார் பார்க்கப்போகிறார்கள்?

யாருமில்லை.
விரலை மடக்கும் தசைநாண் அதை உரசி ஓடும்,
நாளைக்கு ஆயிரம் தரம்:
பொத்தான், சாவி, கரண்டி, இன்னொருவர் கை.
கரடு இருந்தால் நாண் நைந்து அறும்.
எலும்பு கூடியபின் தகட்டை எடுக்கவும் வேண்டும்;
அதுவரை தோளோடு தோள் நின்றதற்காகச்
சதை அதைக் கட்டிப்பிடித்துக்கொள்ளக் கூடாது.
ஒட்டியும் ஒட்டாமலும்.
அதற்கும் ஒரு எண் வைத்திருக்கிறோம்,
மைக்ரோமீட்டரில்
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் எட்டு.

அந்த எண்ணைப் படிப்பவள் ரோஸ்விதா ஹெப்டிங்.
தர அறையில், ஒரு வைர ஊசியோடு.
போன ஜனவரியில் ரொட்டிக்கடை வாசலில்
கரும்பனியில் வழுக்கி விழுந்தாள், இடக்கை.
பத்து மாதம் உள்ளே இருந்த தகட்டை
ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கி
ஜாம் புட்டியில் கொண்டுவந்தாள்.
எங்களுடையது அல்ல.
ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கம்பெனி.

ஊசியின் கீழ் வைத்தாள்.
சுற்றி நின்றோம்.
திருப்புளி நழுவிய ஆழமான கீறலொன்று,
"இது டாக்டருடையது" என்றாள்.
நாண் ஓடிய ஓரத்தில் ஒன்றுமே இல்லை,
ஒரு இழைகூட.
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஐந்து.

அச்சடித்தாள்.
என் மெஷினுக்கு மேலே
அந்தச் சீட்டை அந்த இடக்கையாலேயே ஒட்டினாள்,
கட்டைவிரலால் நான்கு மூலையையும் அழுத்தி.
ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்றிரவு எண்ணூறுக்கும் ஆயிரத்து இருநூறுக்கும் நடுவே
ஆயிரம் என்றொரு பட்டையை மாட்டினேன்.
விடியும்போது கணக்குப்படி ஒன்பது தகடு குறைவு.
காரணம் எழுதும் கட்டத்தில்
"ஒன்பது குறைவு" என்று எழுதினேன்.